கடலோர ஊர்களுக்கு ஒரு வேலைவாய்ப்புத் தளம்: கேள்வி பதில்

மண்டபத்தில் இருந்துகொண்டு, தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள ஊர்களுக்காக ஆறு வருடமாக ஒரு வேலை விளம்பரத் தளம் நடத்துகிறேன். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள், அதன்மேல் டபிள்யூபி ஜாப் மேனேஜர் என்ற இலவச பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்), காசு கொடுத்து வாங்கிய ஒரு டெம்ப்ளேட் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்). அவ்வளவுதான் சரக்கு. இதேபோல் தொடங்க நினைப்பவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: அண்ணா, டெம்ப்ளேட்டை ஏத்திட்டேன். டெமோவுல பார்த்த மாதிரி வரவே இல்லை. எங்கேருந்து ஆரம்பிக்க?

தங்கச்சி, முதலில் மூன்று பக்கங்கள் போடுங்கள்: வேலைப் பட்டியல், விளம்பரம் கொடுக்கும் படிவம், முதலாளி தன் விளம்பரத்தைத் திருத்தும் பக்கம். ஒவ்வொன்றுக்கும் பிளகினில் ஒரு ஷார்ட்கோடு, அதாவது சதுர அடைப்புக்குள் எழுதும் ஒரு குறுஞ்சொல், இருக்கிறது. அதைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, செட்டிங்ஸில் எந்தப் பக்கம் எதற்கு என்று தேர்ந்தெடுத்தால்தான் ஒன்றோடொன்று இணையும். பாதிப் பேருக்கு இங்கேதான் தடுக்குகிறது.

டெமோ விளம்பரங்களை இறக்கிப் பார்த்தால் அன்றைக்கே அழித்துவிடுங்கள். கூகுள் அவற்றை எடுத்துக்கொண்டால், இல்லாத வேலையை நம்பி யாராவது அலைவார்கள்.

இன்னொன்று, சைல்டு தீம் (அப்டேட் வந்தாலும் நம் மாற்றங்கள் அழியாதபடி தனியே வைக்கும் துணைத் தீம்) போடாமல் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். முதல் வருடம் நான் நேரே டெம்ப்ளேட் கோப்புகளிலேயே கைவைத்தேன். ஒரு அப்டேட் வந்த இரவில் மூன்று வார வேலை போய்விட்டது. பிளகினின் பக்க அமைப்பை மாற்ற வேண்டுமென்றால், அதன் டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் உள்ள கோப்பைச் சைல்டு தீமுக்குள் job_manager என்ற பெயரில் ஒரு கோப்புறை போட்டு நகலெடுத்து, அங்கே திருத்துங்கள்.

பாம்பன், படகு உரிமையாளர்: தம்பி, சம்பளம்னு ஒரு கட்டம் இருக்கு, மாசச் சம்பளம் கேக்குது. எங்க ஆளுங்களுக்குப் பங்குதானே? நான் என்னத்தைப் போட?

அண்ணே, இந்த டெம்ப்ளேட்டுகள் எல்லாம் நகரத்து ஆபீஸ் வேலைக்காகச் செய்தவை. நம் கரைக்கு அந்தப் படிவம் பொருந்தாது, படிவத்தைத்தான் மாற்ற வேண்டும். நான் மாதச் சம்பளக் கட்டத்தை எடுத்துவிட்டு, "கூலி எப்படி?" என்று ஒரு தேர்வு வைத்தேன்: மாதச் சம்பளம், நாள் கூலி, பங்கு, எடைக்கு. பாசி எடுப்பவர்களுக்குக் கிலோ கணக்கு, கரிமூட்டத்தில் மூட்டைக் கணக்கு. அவை கடைசிப் பிரிவில் அடங்கும். பக்கத்திலேயே "சாப்பாடு உண்டா, தங்க இடம் உண்டா, எத்தனை நாள் கடலில்?" என்று மூன்று கேள்விகள். போன் பண்ணுகிறவர் முதலில் கேட்பதே இதைத்தான்.

படிவத்தின் கட்டங்களை மாற்ற பிளகினில் ஒரு ஃபில்டர், அதாவது நம் நிரலை இடையில் நுழைக்கும் வழி, இருக்கிறது. சைல்டு தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் பத்து வரி போதும். ஒரு எச்சரிக்கை: கூகுளுக்குப் போகும் வேலை விவரக் குறிப்பில் சம்பளத்தை மணி, நாள், வாரம், மாதம், வருடம் என்றுதான் சொல்ல முடியும். பங்குக்கு அதில் இடமில்லை. ஆகவே பங்கு வேலைக்கு அந்தப் புலத்தைக் காலியாக விடுங்கள். சும்மா ஒரு தொகையைப் போட்டால் அது பொய் விளம்பரம்.

தேவிபட்டினம், டிடிபி கடை: எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுது. சில விளம்பரம் புரியாத ஆங்கில எழுத்தா வருது.

இரண்டும் வேறு வேறு. ஏறுவது வரி இடைவெளியால். டெம்ப்ளேட் தலைப்புகளுக்கு எழுத்தளவில் 1.2 மடங்கு வைத்திருக்கும், தமிழுக்கு 1.6 வையுங்கள். எழுத்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இரண்டு தடிமனில் மட்டும் உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கடலோரத்தில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

ஆங்கில எழுத்தாக வருவது, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். உங்கள் கடையிலேயே மாற்றிக் கொடுத்தால் எத்தனையோ பேருக்கு உதவி.

தொண்டி, பட்டதாரி இளைஞர்: விளம்பர முகவரி நீளமா, சதவீதக் குறியா வருது. கடைசியில் அறுந்தும் போகுது. ஏன்?

வேர்ட்பிரஸ் அந்த முகவரித் துண்டுக்கு 200 எழுத்துதான் ஒதுக்குகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் முகவரியில் 9 எழுத்தாகிறது. புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. தங்கச்சிமடம் என்ற ஒரு சொல்லுக்கே 12 குறியீடு, 108 எழுத்து. பிளகினோ நிறுவனப் பெயர், ஊர், வேலை வகை எல்லாவற்றையும் தலைப்புக்கு முன்னால் சேர்க்கிறது. தலைப்பு வருவதற்குள் இடம் தீர்ந்துவிடும். அந்த முன்சேர்க்கையை ஃபில்டர் போட்டு நிறுத்திவிட்டு, முகவரிக்கு விளம்பரத்தின் வரிசை எண்ணை மட்டும் வைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் சுத்தமாக இருக்கிறது.

ஊரையும் தட்டச்சு செய்யவிடாதீர்கள், பட்டியல் கொடுங்கள். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது.

கீழக்கரை, பயணச்சீட்டு அலுவலகம் நடத்துபவர்: வளைகுடா வேலைதான் எங்க ஊருல அதிகம் கேக்கறாங்க. அந்த விளம்பரங்களையும் எடுக்கலாமா?

காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), இந்தக் கேள்விக்காகவே இதற்கு உட்கார்ந்தேன். எடுக்கலாம், ஆனால் கதவை இறுக்கி வைத்துவிட்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். என் படிவத்தில் "வெளிநாடு" என்று தேர்ந்தெடுத்தால் பதிவு எண் கட்டாயக் கட்டமாகத் திறக்கும். எண்ணை நானே தேடிப் பார்க்காமல் விளம்பரம் வெளியே போகாது. இதற்காகவே புதிய விளம்பரங்களுக்கு ஒப்புதல் வேண்டும் என்ற அமைப்பை இயக்கி வைத்திருக்கிறேன். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இதை ஒவ்வொரு வெளிநாட்டு விளம்பரத்தின் அடியிலும் பெரிய எழுத்தில் போடுகிறேன்.

இரண்டாவது வருடம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பதிவில்லாத ஒருவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியது. அந்த விளம்பரம் என் தளத்தில் வந்ததல்ல. ஆனால் வந்திருக்கலாம், அப்போது என்னிடம் இந்தக் கட்டம் இல்லை. விசிட் விசாவில் வேலை என்று வந்தால் யோசிக்காமல் நீக்குங்கள். விண்ணப்பிக்கவே பணம் கேட்கும் உள்ளூர் விளம்பரத்துக்கும் அதே கதிதான்.

ஏர்வாடி, சகோதரி ஒருவர்: எங்க பக்கம் யார்கிட்டயும் இமெயில் இல்லை. எப்படி விண்ணப்பிப்பாங்க?

இமெயில் கட்டத்தில் இணைய முகவரியும் ஏற்கும்படி செட்டிங்ஸில் மாற்றலாம். அங்கே முதலாளியின் வாட்ஸ்அப் இணைப்பை 91 சேர்த்துப் போட்டால், விண்ணப்பப் பொத்தானைத் தொட்டு, வரும் இணைப்பைத் தொட்டால் உரையாடல் திறந்துவிடும். வேலை தேடுபவர்களின் பெயரையும் எண்ணையும் மட்டும் பொதுவில் வைக்காதீர்கள் அக்கா, பெண்களுடையது என்றால் நிச்சயமாக வேண்டாம்.

மூக்கையூர், இளைஞர்: முடிஞ்ச வேலையெல்லாம் தளத்துல அப்படியே நிக்குது அண்ணே.

விளம்பர ஆயுளை நாளாகக் குறித்தீர்களா என்று முதலில் பாருங்கள். குறித்தும் நின்றால், ஆள் வரவு குறைவு என்று அர்த்தம். வேர்ட்பிரஸின் கால வேலைகள் யாராவது தளத்தைத் திறந்தால்தான் ஓடும். சர்வரில் நிஜமான கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) ஒன்று வைத்து, மணிக்கு ஒருமுறை தளத்தைத் தட்டச் சொல்லுங்கள்.

நான் 15 நாள் வைத்திருக்கிறேன். படகு வேலைக்கு மட்டும் 7. ஏப்ரல் 14 இரவு எல்லா விசைப்படகு விளம்பரங்களையும் கையாலேயே இறக்கிவிடுவேன். மறுநாள் முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கட்டட வேலை, உப்பளம், லாட்ஜ் வேலை விளம்பரங்களை முகப்பில் மேலே கொண்டுவருவேன். ஜூன் முதல் வாரம் படகு உரிமையாளர்களுக்கு நானே போன் போட்டு, ஆள் வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்வேன்.