பட்டறைக்கும் யார்டுக்கும் ஒழுங்குமுறை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டுகளில் 22 வருஷம் பணியாளர் நிர்வாகம் பார்த்தவள் நான், தண்டையார்பேட்டைக்காரி. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொடுங்கையூர், லேத் பட்டறை, 14 பேர்: அக்கா, விதிமுறை மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்புங்களேன்.

மாதிரி தரமாட்டேன் தம்பி. மணலிப் பக்கம் ஒரு யார்டில் ஏதோ பெரிய கம்பெனியின் 40 பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். டை கட்டுவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. கிரேன் ஓட்டுகிறவர் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. எடைமேடை பக்கத்து டீக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து, "இங்க சண்டை எதனால வருது?" என்று மட்டும் கேட்டேன். ஓவர்டைம் யாருக்குப் போகிறது, சூப்பர்வைசர் "டேய்" போட்டுக் கூப்பிடுகிறார், இந்த இரண்டும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அங்கே முதல் விதி இப்படி ஆனது: "யாரும் யாரையும் வாடா போடா என்று கூப்பிடக் கூடாது. இது முதலாளிக்கும் பொருந்தும்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். உங்கள் பட்டறையிலும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

வியாசர்பாடி: பத்து நிமிஷம் லேட்டா வந்தா அரைநாள் சம்பளம் கட்னு எழுதலாமா?

கூடாது. வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம். அபராதம் என்றால் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 14,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 420 ரூபாய். அதற்கும் முன்னால் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 1936 சம்பளப் பட்டுவாடா சட்டத்திலேயே இது இருந்தது; அதற்குப் பதிலாக வந்திருக்கும் 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, துணிக்கடை: மொத்தமே எட்டுப் பேர்தான். பெண்கள் புகார் கமிட்டி தேவையா மேடம்?

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி, 10 பேர் இருந்தால் உள்ளகக் குழு, அதாவது நிறுவனத்துக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் குழு, கட்டாயம். உங்கள் கடைக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சிங்காரவேலர் மாளிகையில் விசாரித்து, குழுவின் முகவரியை அந்தப் பெண்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது தெரியாமலே நாள் கடந்துபோன பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்றும் மனசு ஆறவில்லை.

தம்புச் செட்டித் தெரு, கிளியரிங் ஏஜென்சி: ஃபைல் நகரணும்னா "கவனிக்க" வேண்டியிருக்கே, அதை எப்படி விதியில எழுதறது?

"கொடுக்கக் கூடாது" என்று நேராக எழுதுங்கள் சார். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 வருஷம் வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்கலாம். ஓடியாடி வேலை பார்க்கிற பையன் கையில் காசைக் கொடுத்து "பார்த்து முடிச்சுட்டு வா" என்று அனுப்பிவிட்டு, மாட்டினால் அவனைக் கைவிடுகிற வழக்கம் நிற்க வேண்டும். கொடுக்காததால் வேலை தாமதமானால் அவன் மேல் நடவடிக்கை இல்லை என்ற வரியையும் சேருங்கள்.

பெரம்பூர்: விதி, குறைதீர்ப்புன்னு ஆரம்பிச்சா யூனியன் வந்துடும்னு எங்க பார்ட்னர் பயப்படறாரு.

நீங்கள் இருக்கிற ஊரிலேயே பதில் இருக்கிறது. பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை, அதாவது பி அண்ட் சி மில், தொழிலாளர்களின் குறைகளில் சாப்பாட்டு நேரம் போதாது என்பதும் ஒன்று. காது கொடுத்துக் கேட்க மில்லுக்குள் ஆள் இல்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கம் சேர்வது தொழிலாளியின் உரிமை, அதைத் தடுக்கிற வரி எதையும் எழுதாதீர்கள்.

மீஞ்சூர்: பாதிப் பேர் பீகார், ஒடிசா பசங்க. தமிழ்ல எழுதினா போதுமாக்கா?

போதாது. இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, சம்பள நாளன்று வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு எல்லோரும் இருப்பார்கள். வாசித்த தேதி, யார் யார் இருந்தார்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை என்று வந்தால் "இந்த விதி எனக்குத் தெரியாது" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும்.