வந்தான் வரத்தான் ஆத்திய தேத்தண்ணி

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் இலங்கையின் வன்னியில் உள்ள பரந்தன். அப்பப்பா பருத்தித்துறையிலிருந்து வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர். சின்ன வயதில் பரந்தன் சந்தியிலும் முறிகண்டியிலும் உயரத் தூக்கி ஆத்தித் தந்த பால் தேத்தண்ணியின் ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. மலேசியாக்காரர் தே தாரிக் என்ற ஆத்திய பால் தேத்தண்ணியைத் தங்களுடையது என்று 2024இல் யுனெஸ்கோவில் பதிந்துவிட்டார்கள். எங்கள் வன்னித் தேத்தண்ணியை யார் பதிவது? போன வருடம் ஊருக்கு வந்தேன். ஏ9 வீதியில் ஒரு கடையிலும் ஒழுங்காக ஆத்துவாரில்லை. காகிதக் கோப்பையில் கரண்டியால் கலக்கித் தருகிறார்கள். வந்தான் வரத்தான் எல்லாம் கடை போட்டால் பாரம்பரியம் எப்படி நிற்கும்? உண்மையான வன்னித் தேத்தண்ணிக்கு நுரை எத்தனை விரல் நிற்க வேண்டும்? பித்தளைப் பேணியா, கண்ணாடிக் கிளாஸா? இங்கே சங்கத்தில் காசு சேர்த்து ஒரு ‘வன்னித் தேத்தண்ணி விழா’ வைக்கலாம் என்று யோசிக்கிறோம். எங்கள் காணி இப்போதும் இருக்கிறது. ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது, நம்பிக்கையான ஆட்கள். விழாவை அங்கேயே வைக்கலாம். உங்கள் ஆலோசனை தேவை.

க., ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

வயதை எழுதவில்லை. ஆனாலும் ரின்பால், அதுதான் தகரத்தில் வரும் தடித்த இனிப்புப் பால், அந்தக் காலத்துச் சந்தி ஞாபகம் இருப்பதால் ஒரு கணக்குப் போட்டுத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த கிழமை நான் ஒரு காணி அலுவலாக அலைந்துகொண்டிருந்தேன். அந்தச் சூட்டோடு வாசித்ததால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளுகிறது. இல்லாவிட்டால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நுரைக்கு அளவு கிடையாது. விரல் வைத்து அளக்கிறவர் தேத்தண்ணி குடிக்க வந்தவரே இல்லை. பித்தளைப் பேணி வீட்டுச் சாமான். சந்திக் கடைகளில் நான் கண்டது கண்ணாடிக் கிளாஸ்தான். யுனெஸ்கோ விஷயத்தில் நீங்கள் பாதிதான் வாசித்திருக்கிறீர்கள். மலேசியா பதிந்தது தங்கள் காலைச் சாப்பாட்டுப் பண்பாட்டை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் அதற்குள் வருகின்றன. பல இனத்துச் சனமும் ஒன்றாக இருந்து சாப்பிடுவதைத்தான் பெருமையாகச் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பெருமை உங்கள் கண்ணில் படவில்லை.

அந்தத் தே தாரிக்கை அங்கே ஆத்திப் பழக்கியவர்களும் ‘மாமக்’ என்று அந்த நாட்டார் சொல்லும் தென்னிந்திய முஸ்லிம்கள்தான். பிழைக்கப் போன இடத்தில், றப்பர்த் தோட்டத்துக் கூலியாட்களுக்கு விற்கத் தொடங்கியது. அதுவும் வந்தவர்களின் தேத்தண்ணிதான் தம்பி.

சரி, ஆத்துவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எனக்கும் அதில் ஆசைதான். சீலைப் பைக்குள் தேயிலைத் தூளைப் போட்டுக் கொதிதண்ணியை ஊற்றிச் சாயம் இறக்குவார்கள். கிளாஸின் அடியில் ரின்பால் ஒரு கரண்டி. ரின்பால் தடிப்பானது. சும்மா சாயத்தை ஊற்றினால் அடியிலேயே கிடக்கும். கரண்டியால் கிண்டினாலும் கடைசி மிடறு மட்டும் பாணியாக வரும். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கையெட்டும் உயரத்தில் நாலைந்து தரம் இழுத்தால் பாலும் சாயமும் ஒன்றாகும், குடிக்கிற சூட்டுக்கு ஆறும், காற்று உள்ளே போய் நுரை கட்டும். பாலில் உள்ள புரதம் அந்த நுரையைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். தூளின் கசர்ப்பை மட்டுப்படுத்துவதும் அந்தப் பால்தான்.

ஏன் தூள்? இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது. 1883இலிருந்து கொழும்பில் ஏலம் நடக்கிறது. நல்ல இலை அந்த வழியால் கப்பலேறிவிடும். சந்திக் கடைக்கு வந்து சேர்வது டஸ்ற் என்கிற பொடித்தூள். கெதியில் சாயம் இறங்கும், ஒரு கிலோவில் கனக்கக் கோப்பை வரும், ஆனால் தொண்டையைப் பிடிக்கும். அந்த மலிவுச் சரக்கைக் குடிக்கத்தக்கதாக்க ஒரு மனிதன் தன் தோளையும் மணிக்கட்டையும் போட்டு உழைக்கிறான். நீங்கள் பாரம்பரியம் என்று எழுதியிருப்பது இதைத்தான்.

இப்போது ஏன் ஆத்துவதில்லை என்று கேட்டால், அதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பால்மா சுடுதண்ணியில் கரண்டிக்கே கரைந்துவிடும். பஸ் அவசரத்தில் நிற்கிறது. 2022 மார்ச்சில் ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபாய்க்குப் போன பிறகு பல கடைகளில் பாலில்லாத பிளேன்ரீ மட்டும்தான் இருந்தது. மாடு நிறைந்த வன்னியில் நியூசிலாந்துப் பால்மாவைக் குடிக்கிறோமே என்று நீங்கள் அடுத்த கடிதம் எழுதுவீர்கள் என்று தெரியும். மேய்ச்சல் தரை இல்லாமல் பட்டிக்காரர் படும் பாடு தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். “வந்தான் வரத்தான் எல்லாம் கடை போட்டால் பாரம்பரியம் எப்படி நிற்கும்?”

தம்பி, உங்கள் அப்பப்பா யார்? பருத்தித்துறையிலிருந்து வந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரணைமடுக் குளத்தை 1902இல் கட்டத் தொடங்கி 1920இல் முடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல்தான் 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். அப்படி வந்து பாம்போடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டிய சனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்தவர்கள். எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டங்களுக்கு வந்த பெடியளும் வந்தவர்கள்தான். அவர்கள் எல்லாம் இரண்டு போகத்தில் ஊரவர் ஆகிவிட்டார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர் மட்டும் மூன்று தலைமுறையாக வந்தவராகவே நிற்கிறார். இது என்ன கணக்கு?

அந்த மிளகாய்க் கன்றுகளுக்கு யார் தண்ணி மாறினார்கள்? 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் குடும்பம் குடும்பமாக வன்னிக்கு இறங்கினார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு இன்னும் வந்தார்கள். 1983க்குப் பிறகு இன்னும். 1948இல் அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தாயிற்று. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருந்து பேசி, ஐந்தே கால் இலட்சம் பேர் உனக்கு, மூன்று இலட்சம் பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அந்தப் பங்கில் எங்கும் நிற்கப் பிடிக்காமல் வந்த சனத்துக்கு நாங்கள் கொடுத்தது வரம்போரத்தில் ஒரு கொட்டிலும் நாட்கூலியும். ‘தோட்டக்காட்டான்’ என்று ஒரு பட்டமும் கொடுத்தோம்.

உங்களுக்கு இன்னும் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். தேயிலை வருவதற்கு முன், கோப்பிக் காலத்திலேயே, இவர்களுடைய பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம், இதைப் படிக்கவில்லை. 2023இல் அந்த இருநூறு வருட ஞாபகமாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். உங்கள் அப்பப்பா பரந்தனில் முதல் மரத்தைத் தறிப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் நடந்து செத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம்பி, நீங்கள் வரத்தான் என்கிறவர்கள்.

எனக்குத் தேத்தண்ணி என்றால் மாங்குளம்தான். முல்லைத்தீவு வீதி பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிடுகுக் கொட்டில். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977க்குப் பிறகு வந்தவர். முதலில் கூலிக்கு மிளகாய் பிடுங்கினார், பிறகு கடை போட்டார். நாங்கள் மாமா என்போம். ஆள் கட்டை. அதனால் ஒரு பலகைக் கட்டையில் ஏறி நின்றுதான் ஆத்துவார். பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும் ஆறு கிளாஸை வரிசையாக வைத்துவிடுவார். பார்க்காமலே ஊற்றுவார். ஒரு சொட்டு வெளியே போகாது. இறங்கி வருகிறவரின் முகத்தைப் பார்த்துச் சாயம் கூட்டிக் குறைப்பார். பிரேத வீட்டுக்குப் போகிறவருக்குச் சீனியைக் கொஞ்சம் கூடப் போடுவார், கேட்காமலே.

ஊர்க் கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் தனக்கும் தரும்படி ஒரு வருடம் கேட்டார். காசோடு போய்க் கேட்டார். உபயகாரர் பரம்பரையாக வருகிறவர்கள், இடமில்லை என்றார்கள். அந்தக் கோயிலுக்கு அப்போது முப்பது வயது ஆகியிருக்குமோ என்னவோ! அதே திருவிழாவில் மேளக்காரருக்கும் பந்தல்காரருக்கும் தேத்தண்ணி எங்கிருந்து போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவரும் கொடுத்தனுப்பினார், ஆத்தி, நுரையோடு. எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாதது அதுதான்.

தொண்ணூறில் பொருளாதாரத் தடை வந்தது. ரின்பால் இல்லை, சீனி இல்லை. பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்த காலம். அது கிடைக்காவிட்டால் ஒரு ரொபியை இரண்டாகப் பிய்த்துக்கொள்வோம். அவர் அப்போதும் ஆத்தினார். பால் இல்லாத சாயத்தில் என்ன நுரை நிற்கும்? “ஏன் மாமா சும்மா கையை நோகடிக்கிறியள்?” என்று கேட்டேன். “சூடு ஆற வேணாமா, வாய் வெந்துரும்ல” என்றார். அவ்வளவுதான். நீங்கள் விழாவில் இதை மேடையேற்றிப் பெரிய தத்துவமாக்கிவிடாதீர்கள்.

அதே தொண்ணூறைப் பற்றி இன்னொன்று. அந்த ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் எங்கும். எழுபத்தையாயிரம் பேரளவில் என்று சொல்வார்கள். விரட்டிய புலிகள் எங்கள் ஆட்கள், பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். முல்லைத்தீவுப் பக்கம் நல்ல தேத்தண்ணி என்றால் முஸ்லிம்களின் காக்கா கடைதான் என்றிருந்தது. பாரம்பரியம் எங்கே அறுந்தது என்று தேடுகிறீர்களே, காகிதக் கோப்பைக்குள் தேடினால் அகப்படுமா?

மாமா 2009ஐத் தாண்டவில்லை. அவருடைய மகளைச் செட்டிகுளம் அகதி முகாமில் கண்டேன். இப்போது கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறாள். நான் அலைந்த காணி அலுவல் அவளுடையதுதான். அவர்கள் இருப்பது வேறொருவரின் காணி. சொந்தக்காரர் கடல் தாண்டி இருக்கிறார். மரம் நட்டது, கிணறு இறைத்தது, போருக்குப் பிறகு வந்து பற்றை வெட்டியது எல்லாம் இவர்கள். துண்டுக் கடதாசி ஒன்று கையில் இல்லை. அதனால் வீட்டுத்திட்டமும் கிடைக்கவில்லை, வங்கிக் கடனும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர் நல்லவர். புதுவருடத்துக்கு ரெலிபோன் எடுப்பார். “நீங்கள் எங்கட ஆக்கள்தானே, இருங்கோ” என்பார். எழுதித் தாருங்கள் என்றால் ரெலிபோன் கட்டாகிவிடும்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் கொட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். கோபப்படாதீர்கள். ரொறன்ரோக் குளிரில் இருந்துகொண்டு ஒரு கிளாஸ் தேத்தண்ணியை நினைத்து இவ்வளவு நீளமாக எழுதுகிற மனம் கெட்ட மனமில்லை. அதனால்தான் ஏசுகிறேன். அந்த மனம் இல்லாதவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை.

விழாக் காசைப் பற்றி எனக்கு ஆலோசனை ஒன்றும் இல்லை. பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை என்று அது தானாகக் கரைந்துவிடும். நான் கேட்பது வேறு. உங்கள் காணியைப் பார்த்துக்கொள்ளும் அந்த நம்பிக்கையான குடும்பம் எந்த ஊர்? எத்தனை வருடமாக இருக்கிறார்கள்? உங்கள் அப்பப்பாவுக்குக் கிடைத்தது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரமாக இருந்தால், அதைப் பிரித்துக் கொடுக்கப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். கொஞ்சம் இழுபடும், ஆனால் முயன்று பார்க்கலாம். அவர்களுக்கு அரை ஏக்கராவது எழுதிக் கொடுக்கும் எண்ணம் உங்கள் வீட்டில் யாருக்காவது உண்டா? அண்ணன் தம்பிமாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பத்திரத்தின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் நல்லது.