ஆய்வுக் கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கும்படி, வெளியிட ஓர் இதழ் பணம் கேட்கிறது. கட்டலாமா?

நீங்கள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அவசரத்தில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர் என்று கருதியே எழுதுகிறேன். பணி உயர்வுக்காகக் கேட்கும் பேராசிரியர் என்றால் பொறுத்தருள்க.

2017இல் எனக்கும் அதே அவசரம். ஆய்வேட்டுக்கு முன் நடுவர் குழு உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் இல்லை. சிறுமலை மூலிகைகளைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த வேளையில், 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே' என்று ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் பேராசிரியரே அல்லன் என்பது உறுத்தவில்லை, இனித்தது. அனுப்பிய மூன்றாம் நாள் நடுவர் கருத்து கிடைத்தது: 'நன்று, ஏற்கலாம்.' அவ்வளவுதான். மலையில் எத்தனை பேரிடம் தகவல் கேட்டேன் என்ற எண்ணிக்கையையே எழுத மறந்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் கேள்வியாகக் கேட்டது அதைத்தான். மனைவி சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 6,000 ரூபாய் கட்டியிருந்தேன். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியபோது அந்த இதழும் போயிற்று. அடுத்த ஆண்டு இணையதளமும் மறைந்தது. எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற கட்டுரையை இன்று நானே திறக்க முடியாது.

உடனே 'திறந்த அணுக்கமே மோசடி என்கிறாயா?' என்று சிலர் வரக்கூடும். அப்படிச் சொல்லவில்லை. கட்டணம் வாங்கும் நல்ல இதழ்களும் உள்ளன. ஆனால் கட்டணம் கட்டினால்தான் திறந்த அணுக்கம் என்பது தவறு. பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களை அதன் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். சந்தா இதழில் வெளியிட்டாலும், நடுவர்கள் ஏற்றுக்கொண்ட இறுதிக் கையெழுத்துப் படியைப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் இட இதழ்கள் பல அனுமதிக்கின்றன; சில, ஓராண்டு காத்திருக்கச் சொல்லும். என் இரண்டாவது கட்டுரையை அப்படித்தான் ஒரு காசு செலவின்றி இட்டேன். உங்களிடம் பணம் கேட்கும் இதழின் பெயரை, 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் விவரத்திரட்டில் (DOAJ) முதலில் தேடுங்கள்; கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். அதில் இல்லாத எல்லாமே போலி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் கட்ட மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைந்துபோன அந்த மூலிகைக் கட்டுரையில் முதல் பெயர் என் நெறியாளருடையது. அவர் அதைப் படிக்கவுமில்லை, கட்டணத்தில் ஒரு ரூபாய் தரவுமில்லை. என் தன்விவரக் குறிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டேன். அவருடையதில் இன்னும் இருக்கிறது.