பல இலக்கு மருந்து என்றால் என்ன? மூளை நோய்களுக்கு அது ஏன் தேவைப்படுகிறது?

ஒரே மூலக்கூறு இரண்டு, மூன்று புரதங்களில் திட்டமிட்டே வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டால் அதுதான் பல இலக்கு மருந்து.

அல்சைமர் நோயில் நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் குறைகிறது. கூடவே அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிகிறது, டௌ புரதம் முறுக்கிக்கொள்கிறது, அழற்சியும் சேர்கிறது. இந்நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் என்ற மருந்து முதல் சிக்கலை மட்டுமே கவனிக்கிறது. கத்திப்பாராவிலிருந்து கோயம்பேடு வரை நெரிசல் இருக்கும்போது வடபழனி சிக்னலை மட்டும் சரிசெய்தால், வண்டிகள் அடுத்த சிக்னலில் போய் நிற்கும் அல்லவா, அதைப் போல.

தொடக்க நிலையில் ஒவ்வொரு இலக்கின் மீதும் மூலக்கூறின் வீரியத்தைத் தனித்தனியாக அளக்கிறார்கள். பல முயற்சிகள் இங்கேயே சறுக்குகின்றன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை 10 நானோமோலாரிலும் (நானோமோலார் என்பது செறிவின் அலகு; எண் சிறிதானால் வீரியம் அதிகம்), இன்னொரு இலக்கை 1000 நானோமோலாரிலும் தடுக்கிறது என்று வையுங்கள். முதலாவதற்கு ஏற்ற டோஸில் இரண்டாவது அசையாது. டோஸை ஏற்றினால் முதலாவது அளவுமீறித் தடைபட்டு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நாடித்துடிப்பும் குறையும்.

அடுத்த தடை எடை. இரண்டு மருந்துகளை அப்படியே ஒட்டினால் மூலக்கூறு பருத்துவிடும். மூலக்கூறின் எடை சுமார் 450 டால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டினால் மூளையின் இரத்தத் தடுப்பைக் கடப்பது கடினம். கடந்தாலும், அந்தத் தடுப்பில் இருந்து மருந்துகளை வெளியேற்றும் பி-கிளைக்கோபுரதம் அதை வெளியே தள்ளிவிடலாம். எனவே, பொதுவான பாகங்களை ஒன்றாக்கிச் சிறிதாக வரைவதே சிறந்த வழி என்பேன். இதயத் துடிப்பின் சீரைக் காக்கும் ஹெர்க் (hERG) என்ற பொட்டாசியம் வாயிலை அந்த மூலக்கூறு அடைக்கிறதா என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

டோனெபெசிலும் மெமான்டைன் என்ற இன்னொரு அல்சைமர் மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரையைப் பலர் பல இலக்கு மருந்து என்று நினைக்கிறார்கள். அதில் இருப்பவை இரண்டு தனித்தனி மூலக்கூறுகள்.