பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணாச்சி

நேற்று என் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தீர்கள்: வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ், மகளின் நோட்டு. "படிக்கச் சொன்னால் கிறுக்கிக்கொண்டு இருக்கிறாள்" என்று குறைப்பட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்று நானும் சொல்லி அனுப்பினேன். அது போதாது. மச்சினர் பிடித்துத் தரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டு வேண்டாம். பதினாறு லட்சத்துக்காக வீட்டை அடகு வைக்கவே கூடாது.

அந்த நோட்டில் இருப்பது கிறுக்கல் இல்லை. தாமிரபரணிப் பாலத்துத் தூணைத் தாண்டும் தண்ணீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிப்பதை, பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறாள். காற்றில் இதே சுழிப்பை ஆராய ஒரு துறையே இருக்கிறது. ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும் கலத்தை ஹைப்பர்சானிக் என்பார்கள். அதன் மேல்தகட்டை ஒட்டி ஓடும் காற்று சீராகப் போனால் ஒரு சூடு. கலைந்து கொந்தளித்தால் அதைப்போலப் பல மடங்கு சூடு.

பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் (இந்திய அறிவியல் கழகம்) 1970-களிலேயே இதற்கு ஷாக் டனல், அதாவது இந்த வேகக் காற்றைக் குழாய்க்குள் உண்டாக்கிச் சோதிக்கும் கருவி, வந்துவிட்டது. அழுத்தம் ஏற ஏற உள்ளே ஓர் உலோகத் தகடு கிழியும், அதிர்வலை பாயும், அளவெடுக்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. ஐ.ஐ.டி. கான்பூர் 2024-ல் அறிவித்த டனலின் நீளம் 24 மீட்டர். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கல்வி நிலையத்தில் பார்சியாலே என்ற ஆய்வாளரின் குழுவினர் காற்றில் கிரிப்டான் வாயுவைக் கலந்து, லேசரால் ஒளிக்கோடு ஒன்று இழுத்து, மாக் 6, அதாவது ஒலியைப்போல ஆறு மடங்கு வேகத்தில் அது நெளிவதைப் படமெடுத்தார்கள். மெதுவான காற்றின் கொந்தளிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம்! எனக்கு உங்கள் மகளின் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இந்தத் துறைக்குப் போக, கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரி மெக்கானிக்கல் எடுக்கட்டும். 'ஏரோநாட்டிக்கல்' என்ற பெயருக்காகத் தனியாருக்குக் கொட்டிக் கொடுக்கவும் வேண்டாம். அப்புறம் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு. நல்ல மதிப்பெண் இருந்தால், பி.இ. முடித்தவர்கள் நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

சரி, முடிக்க 27, 28 வயது ஆகிவிடும். வேலை இடங்களும் குறைவுதான். கணக்கு கசந்தால் இந்தப் பக்கமே வரக்கூடாது. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். நேற்று ஒரு மணி நேரத்தில் அவள் வாயைத் திறந்ததே இரண்டு தடவைதான்.

வெள்ளிக்கிழமை அவளையும் நோட்டையும் கூட்டி வாருங்கள். மச்சினர் வர வேண்டாம்.