சமூகப் பிரச்சினைகளுக்காக எழுதும் நாளிதழ் பத்தி எழுத்தாளர் ஆவது எப்படி, அந்த வேலை எப்படி இருக்கும்?

நேராகப் பத்தி எழுத்தாளர் வேலைக்கே யாரையும் எடுப்பது அபூர்வம். பெரும்பாலும் சில வருடங்கள் நிருபராக அலைந்த பிறகுதான், ஆசிரியருக்கு நம்பிக்கை வந்து, வாரம் ஒரு பத்தி (column, சொந்தப் பெயரில் வரும் தொடர் கட்டுரை) எழுதச் சொல்வார். நானும் நகராட்சிக் கூட்டம், நீதிமன்றம் என்று அலைந்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன். ஒரு மனு எந்த மேசையில் போய்த் தூங்குகிறது, யாரைக் கேட்டால் கோப்பு நகரும் என்பதெல்லாம் அந்த அலைச்சலில்தான் பிடிபட்டது.

கருத்து சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆசிரியர் உங்களிடம் எதிர்பார்ப்பது, யாரும் போகாத இடத்துக்குப் போய் ஒரு ஆளிடம் பேசிவிட்டு வருவதை. 1963-ல் கென்னடியின் இறுதிச் சடங்குக்கு வந்த நிருபர்கள் எல்லாம் தலைவர்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, ஜிம்மி பிரெஸ்லின் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மட்டும் குழி தோண்டியவரைத் தேடிப் போய், மணிக்கு 3.01 டாலர் கூலி வாங்கும் அந்த மனிதரின் ஒரு நாளை எழுதினார். சாதாரண மக்களுக்காகத் தொடர்ந்து பேசிய பத்திகள் என்று சொல்லித்தான் 1986-ல் அவருக்கு அமெரிக்காவின் பெரிய பத்திரிகைப் பரிசான புலிட்சரைக் கொடுத்தார்கள்.

அப்புறம், முக்கியமான விஷயம். ஒரு பத்தி வந்ததும் அதிகாரி 'உடனே கவனிக்கிறோம்' என்பார், வாசகர்கள் பாராட்டுவார்கள், நீங்களும் அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுவீர்கள், அந்த அதிகாரிக்கும் அதுதான் வேண்டும். அதனால் அவர் சொன்ன தேதியைக் குறித்து வைத்து, அந்தத் தேதியில் மறுபடி போய்ப் பார்த்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையே இன்னொரு பத்தியாக எழுதுங்கள். பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் 'இதையேவா மறுபடியும்?' என்று முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. என் அனுபவத்தில் வேலை நடந்ததெல்லாம் இரண்டாவது, மூன்றாவது பத்திக்குப் பிறகுதான்.

பக்கம் சாய்ந்து எழுதலாம், பத்தி என்பதே அதற்குத்தான். ஆனால் தகவல் தப்பாக இருந்தால் 'இது என் கருத்து' என்று சொல்லி அவதூறு வழக்கிலிருந்து தப்புவது கஷ்டம், எதிர்த்தரப்பிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். போராட்டக் குழுவில் நீங்களே பொறுப்பில் இருந்தால் அதைப் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். உங்களை நம்பிப் பேசியவரின் பெயரைப் போடும் முன், வீட்டுச் சொந்தக்காரரோ முதலாளியோ அவரை என்ன செய்வார் என்று யோசித்து, அவரிடமே இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

சம்பளம்? வெளியிலிருந்து எழுதினால் பத்திக்கு இவ்வளவு என்றுதான் தருவார்கள், அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பத்திரிகைகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருக்கிற காலம் வேறு. இன்னொரு வருமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.