பிரான்ஸ் ஜனாதிபதியா இருந்த சார்ல்ஸ் டி கோல் பேர்ல அந்த 'டி' சேர்த்தே சொல்லணுமா, வெறும் 'கோல்'னு சொன்னா தப்பா?

ஆமாங்க, சேர்த்துதான் சொல்லணும், இங்கிலீஷ்லயும் அவர் எப்பவும் டி கோல்தான், வெறும் கோல்னு யாரும் எழுத மாட்டாங்க. ஆனா இதே பிரான்ஸ்ல 1849ல வெளியுறவு அமைச்சரா இருந்த அலெக்சிஸ் டி டோக்வில்ல வெறும் டோக்வில்னுதான் சொல்றாங்க. ஏன்னா பிரெஞ்சு வழக்கப்படி 'டி'க்கு அப்புறம் வர்ற பேர் ஒரே அசையா இருந்தா அத விட மாட்டாங்க, நீளமா இருந்தா கழட்டி விட்ருவாங்க, இங்கிலீஷும் அதையே எடுத்துக்கிச்சு.

உச்சரிப்புல நிறைய பேர் Gaulle-ங்கிற ஸ்பெல்லிங்கோட கடைசி எழுத்தைப் பாத்துட்டு 'டி காலே'ங்கிறாங்க, அது சுத்தமா தப்பு, அந்த கடைசி 'இ'க்கு சத்தமே கிடையாது. புட்பால்ல அடிக்கிற கோல் இருக்குல்ல, கிட்டத்தட்ட அதான். சில பேர் 'கால்'க்கும் 'கோல்'க்கும் நடுவுல வாயத் திறந்து சொல்வாங்க, ரெண்டும் ஓகே. பிரெஞ்சுக்காரன் சொல்றப்போ முன்னாடி வர்றது 'டி' கூட இல்ல, நம்ம 'அது'ல கடைசியா ஒலிக்கிற 'து' மாதிரி லேசா வரும்.

இதுல ஒரு வேடிக்கை, பிரான்ஸோட பழைய பேரான 'கால்' நாட்டுக்கும் பிரெஞ்சுல இதே சத்தம்தான். 1944ல இருந்து 1946 வரைக்கும் தற்காலிக அரசுக்குத் தலைமை தாங்கி, அப்புறம் 1959ல ஜனாதிபதியும் ஆன ஆளுக்கு இப்படி ஒரு பேர் அமைஞ்சிருக்கு பாருங்க!